அலமாரிக்குப் பின்னால்: ஸ்டுட்கார்ட் பகிர்வீடு ஒன்றில் ஒரு தம்பியின் முதல் குளிர்காலம்

எவ்வளவு சூடு செலவானது என்று ஹீட்டர்களில் ஒட்டியிருக்கும் சின்னக் கருவிகளில் கணக்கெடுக்க வருடத்துக்கு ஒருமுறை ஆள் வருவார். 2025 ஜனவரியில் வந்தவர் அறை அறையாகப் போய், குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு நகர்ந்தார். கடைசி அறையில் மூக்கைச் சுளித்தார். ஹீட்டரை ஒட்டி நின்ற அலமாரியை ஒரு கையால் முன்னுக்கு இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: "ஷிம்மெல்." பூஞ்சை.

அறைக்காரத் தம்பி அப்போது வகுப்பில் இருந்தார். ஈரோட்டிலிருந்து வந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் இரண்டு வருடம் அந்த அறையில் இருந்தவன் நான். அந்த அலமாரியும் நான் விட்டுவிட்டு வந்ததுதான். ஆகவே இதை எழுதும் எனக்கும் இதில் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடும் ஆட்களும்

ஸ்டுட்கார்ட்டின் தெற்கே, இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஹெஸ்லாஹ் பகுதியில் அந்த வீடு. மரியன்பிளாட்ஸிலிருந்து டேகர்லோஹுக்குப் பல்சக்கரத்தில் ஏறும் பழைய ரயில், ஊர்க்காரர்கள் 'ட்சாக்கெ' என்று கூப்பிடுவது, நடந்துபோகிற தூரத்தில் ஓடுகிறது. கட்டடம் முதல் உலகப்போருக்கு முந்தியது. சுவர் தடிமன், ஆனால் அதன்மேல் வெப்பக்காப்பு எதுவும் இல்லை. ஜன்னல்கள் மட்டும் பிற்பாடு மாற்றிய இரட்டைக் கண்ணாடி. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நாலு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை, நீளமான நடை. இப்படிச் சேர்ந்து வாழும் வீட்டுக்கு ஜெர்மனில் வோன்கெமைன்ஷாஃப்ட் என்று பெயர். யாரும் அப்படி முழுசாகச் சொல்வதில்லை, வே.கே. என்பார்கள். பால்கனி வைத்த அறையில் இருக்கும் பெண்தான் முதன்மை வாடகைதாரர். வீட்டு உரிமையாளரோடு ஒப்பந்தம் அவர் பெயரில். மற்ற மூவரும் உரிமையாளரின் அனுமதியோடு அவரிடம் உள்வாடகைக்கு இருப்பவர்கள். நடு அறையில் இரவுப்பணிக்குப் போகும் செவிலியர் ஒருவர். அடுத்ததில் கட்டடக்கலை படிக்கும் மாணவர். கடைசி அறை, இரண்டு பக்கம் வெளிச்சுவர் கொண்ட மூலை அறை, முன்பு என்னுடையது, இப்போது தம்பியுடையது. எனக்குக் கல்யாணமாகி வேறு வீடு பார்த்துப் போனதும், அறை தேடி ஆறு வாரமாக இணையத்தில் அலைந்துகொண்டிருந்த தம்பியை நான்தான் சொல்லிவிட்டேன். நாலு பேரும் வீடியோவில் பார்த்துப் பேசினார்கள், பிடித்திருந்தது, முடிந்தது. பொண்ணு பார்க்கிற மாதிரி இருந்தது என்று தம்பி அப்புறம் சொன்னார்.

காகித வேலை

இது சீக்கிரம் முடிந்தது. 2024 அக்டோபர் தொடக்கத்தில் வந்தார். குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். பால்கனி அறைப் பெண் முதல் நாளே போட்டுக் கொடுத்தார். மாணவர் விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில், அதாவது மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வங்கிக் கணக்கில், முன்கூட்டியே கட்டிவைத்த 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 வர ஆரம்பித்தது. வாடகை சூடாக 440. சூடு என்றால் வெந்நீர், ஹீட்டர், குப்பை எல்லாம் சேர்த்து. அதில்லாமல் வெறும் அறைக்கு மட்டும் என்றால் குளிர்வாடகை, அது 340. வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு ஒன்றுதான், மாதம் 18.36, நாலாகப் பிரித்தால் 4.59. எண்ணெய், உப்பு, பாத்திரம் துலக்கும் சோப்பு, கழிப்பறைக் காகிதம் இவற்றுக்கு ஆளுக்குப் பதினைந்து யூரோ ஒரு டப்பாவில்.

ஒரு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டோம். முன்பணமாகச் சட்டப்படி மூன்று மாதக் குளிர்வாடகைவரை கேட்கலாம். இங்கே இரண்டு மாதம், 680 யூரோ. அதைத் தம்பி எனக்கே கொடுத்தார். வே.கே.க்களில் இது சகஜம்: புது ஆள் பழைய ஆளிடம் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், உரிமையாளரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அறை எந்த நிலையில் கைமாறியது என்று ஒரு ஒப்படைப்புக் குறிப்பு எழுதி, நாலு மூலையையும் போட்டோ எடுத்திருக்க வேண்டும். நம்ம பையன்தானே என்று நான் எழுதவில்லை. அண்ணன்தானே என்று அவர் கேட்கவில்லை. சுவரில் முன்பே ஏதாவது இருந்திருந்தால், அதையும் சேர்த்துத்தான் அவர் 680 யூரோவுக்கு வாங்கினார்.

மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்ததும் ஊருக்குப் பேசி, "செட்டில் ஆயிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பலகை

நடுவில் ஒரு சின்னக் கதை. அக்டோபர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, வீட்டுக் கதவின் கைப்பிடியில் கயிறு கட்டிய மரப்பலகை ஒன்று தொங்கியது. தம்பி அதை யாரோ மறந்து மாட்டிவிட்டுப் போனதாக நினைத்து, மரியாதையாக எதிர்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டார். மறுநாள் அது திரும்பி வந்தது. இவர் மறுபடி மாட்டினார். மூன்றாவது நாள் எதிர்வீட்டுப் பாட்டி பலகையோடு வந்து கதவைத் தட்டினார்.

அதுதான் கேர்வோகே, பெருக்கும் வாரம். இந்தப் பகுதிக்காரர்களான ஸ்வாபியர்களின் தனிச்சொத்து. 1492-இல், பிரபு எபர்ஹார்ட் காலத்து ஸ்டுட்கார்ட் நகரச் சட்டத்திலேயே வாரத்துக்கு ஒருமுறை குப்பையை அகற்றச் சொல்லும் விதி இருந்ததாம். நகராட்சி தன் கட்டாய விதியை 1988-இல் கைவிட்டுவிட்டது. ஆனாலும் வீட்டு ஒப்பந்தங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சின்ன கேர்வோகே என்றால் உங்கள் மாடிப்படி. பெரிய கேர்வோகே என்றால் நடைபாதை, நிலவறைப் படி, பனி விழுந்தால் பனியும். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர் முறை. பாட்டி தன் துடைப்பத்தையே கொண்டுவந்து, மேல்படியிலிருந்து கீழே எப்படிக் கூட்டுவது, ஓரத்துக் கைப்பிடிக் கம்பியையும் ஏன் துடைக்க வேண்டும் என்று பத்து நிமிஷம் செய்து காட்டினார். அவர் பேசிய ஸ்வாபியன் தம்பிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. வேலை புரிந்துவிட்டது. வாசல் தெளித்துக் கோலம் போடும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதும் இல்லை.

இதைச் சொல்லக் காரணம், அந்தக் குளிர்காலம் முழுக்கத் தம்பியிடம் ஒரு விஷயத்தை நேராக வந்து சொன்ன ஒரே ஆள் அந்தப் பாட்டிதான். மற்றதெல்லாம் காகிதத்தில் வந்தது.

ஃபிரிட்ஜில் ஒரு காகிதம்

நவம்பர் முதல் வாரம். காலை ஏழரை மணிக்குத் தம்பி சாம்பாருக்குத் தாளித்தார். கடுகு, பெருங்காயம், நாலு வரமிளகாய். நெடி நடைக்குப் போய், அங்கே உச்சியில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2014 முடிவிலிருந்து எல்லா வீடுகளிலும் படுக்கை அறைகளிலும், அவற்றிலிருந்து வெளியேறும் நடையிலும் அது கட்டாயம். அதனால்தான் சமையலறையில் இல்லாவிட்டாலும் நடையில் இருக்கும். இரவுப்பணி முடித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த செவிலியர் பதறி எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

மாலையில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம். "சமைக்கும்போது கதவை மூடவும், நன்றி", பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

எழுதியவரைப் பொறுத்தவரை அது அதற்கு மேல் ஒன்றுமில்லை: கதவை மூடினால் கருவி அலறாது, நான் தூங்கலாம். தம்பி படித்தது வேறு. நம் சமையல் வாசனை இவர்களுக்குப் பிடிக்கவில்லை, நாகரிகமாகச் சொல்கிறார்கள். இந்தப் பயம் நம்மில் பலருக்கு விமானத்திலேயே ஏறிவிடுகிறது, எனக்கும் இருந்தது. சமையல் வாசனை ஏறிவிடுமே என்று என் குளிர்கால மேலங்கியை நடையில் மாட்டாமல் பீரோவுக்குள் பூட்டி வைத்தவன் நான்.

கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெளிந்திருக்கும். தம்பி கேட்கவில்லை, அட்ஜஸ்ட் செய்துகொண்டார். முதலில் சமையலை இரவு பதினோரு மணிக்கு மாற்றினார். பத்து மணிக்கு மேல் அமைதி நேரம் என்று யாரோ சொன்னதும் அதையும் விட்டுவிட்டு, ரைஸ் குக்கரைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். தினமும் ஒரு டம்ளர் அரிசி, மூடி துள்ளத் துள்ள ஆவி.

துணி காயப்போடும் கொடியை நடையில் விரித்தால் வழியை அடைக்குமே என்று, அதையும் அறைக்குள். இயந்திரத்தில் பிழிந்த பிறகும் ஒரு முறை துவைத்த துணியில் இரண்டு லிட்டர் அளவுக்கு நீர் இருக்கும். அது அறைக்காற்றுக்குத்தான் போகிறது. நிலவறையில் துணி உலர்த்தும் பொது அறை ஒன்று இருந்தது. அதன் சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. அது என்ன சாவி என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் ஹீட்டர். போன வருடம் வெப்பச் செலவு கூடி, எல்லாரும் சேர்ந்து மிச்சப்பணம் கட்ட வேண்டியிருந்தது என்று சமையலறையில் பேச்சு வந்திருக்கிறது. யாரையும் குறித்த பேச்சு இல்லை. தம்பி அன்றைக்கே தன் அறை ஹீட்டர் திருகை மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்கிவிட்டார். மூன்று என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. ஒன்றில் வைத்துவிட்டு, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சமையலறைச் சூடு உள்ளே வரட்டும் என்று அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டார். பார்க்கச் சிக்கனமாகத்தான் தெரியும். உண்மையில் சமையலறையின் ஈரக்காற்றைக் குளிர்ந்த அறைக்குள் கூப்பிட்டு, சுவரில் தண்ணீராக இறக்கிவைக்கிற வேலை அது.

கடைசியாக ஜன்னல். அந்த ஊர் நவம்பர் முழுக்கத் தூறல். ஐப்பசி அடைமழையில் ஜன்னலைத் திறந்தால் தீப்பெட்டி நமத்துப்போகும், அப்பளம் வதங்கிவிடும் என்று தெரிந்து வளர்ந்தவர்கள் நாம். மழை என்றால் ஜன்னலைச் சாத்து. தம்பி நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் சாத்தியே வைத்திருந்தார். எப்போதாவது மூச்சு முட்டினால் கைப்பிடியை மேலே திருப்பி, மேல்விளிம்பு மட்டும் உள்ளே சாயும்படி விடுவார். கைப்பிடி கிடையாக இருந்தால் கதவுபோல முழுக்கத் திறக்கும் என்பதை அவர் ஜனவரியில்தான் கண்டுபிடித்தார்.

இப்போது முன்பு சொன்ன வரிக்கு வருவோம். பழைய ஜன்னல்கள் இடுக்கு வழியே தாமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அவற்றை இறுக்கமான இரட்டைக் கண்ணாடியாக மாற்றி, சுவரை அப்படியே விட்டுவிட்டால், ஈரம் போக வழியில்லை. வீட்டிலேயே குளிர்ந்த இடம் கண்ணாடியிலிருந்து சுவருக்கு மாறிவிடுகிறது. அதிலும் வெளிச்சுவர் மூலையில், பெரிய அலமாரியை ஒட்டி நிறுத்தி வைத்தால், பின்னால் ஹீட்டர் சூடும் போகாது, காற்றும் போகாது. 20 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் சுவர்ப்பரப்பு 12.6 டிகிரிக்குக் கீழே போனால் பூஞ்சைக்குப் போதும்; ஈரம் கூடினால் அவ்வளவு குளிர்கூட வேண்டாம்.

தம்பி முதல் கரும்புள்ளிகளைப் பார்த்தது நவம்பர் கடைசியில். அலமாரிக்குக் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அலமாரியை இன்னும் நெருக்கித் தள்ளிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

கணக்கெடுப்பவர் வந்துபோன அன்று இரவு எனக்குப் போன் வந்தது. "அண்ணா, ரூமைக் காலி பண்ணச் சொல்லிருவாங்களாங்ண்ணா?" குரல் ஒரு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள், நீங்களும் வர முடியுமா என்றார். போனேன்.

மேசையில் காபி, கேக். நான் எதிர்பார்த்தது பூஞ்சை பற்றிய பேச்சு. முதல் அரைமணி நேரம் பூஞ்சையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. பால்கனி அறைப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "நவம்பரிலேயே பார்த்தாயே, ஏன் சொல்லவில்லை?"

"தொந்தரவு பண்ண வேண்டாம்னுதானுங்க" என்று தம்பி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்தான். அந்த வாக்கியத்துக்கு மட்டும் ஆங்கிலம் வரவில்லை. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லாமல் இருந்தது எப்படித் தொந்தரவைக் குறைக்கும் என்பது அவர்களுக்குப் பிடிபடவே இல்லை.

அந்தப் பெண்ணின் கவலைக்குச் சட்டக் காரணமும் இருந்தது. ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பின் 536சி பிரிவுப்படி, வீட்டில் குறை தெரிந்தால் வாடகைதாரர் தாமதமில்லாமல் உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாததால் கூடிய சேதத்துக்கு அவரே பொறுப்பு. 540-ஆம் பிரிவுப்படி, உள்வாடகைக்காரர் செய்யும் தவறுக்கு உரிமையாளர் முன்னால் பதில் சொல்ல வேண்டியவர் முதன்மை வாடகைதாரர். ஆக, தம்பியின் இரண்டு மாத மௌனம் போய் நின்றது அவர் தலையில். அவருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்றுதான் தம்பி வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஃபிரிட்ஜ் காகிதம் பற்றிப் பேச்சு வந்தபோது செவிலியரின் முகம் மாறிவிட்டது. "வாசனையா? நான் அலாரத்தைப் பற்றி எழுதினேன்" என்றார். அவர் பங்குக்கு ஒன்றை ஒத்துக்கொண்டார்: அன்று காலை தூக்கக் கலக்கத்தில் எரிச்சலாக இருந்தது, நேரில் சொன்னால் கோபமாகத் தொனிக்குமே என்றுதான் காகிதத்தில் எழுதினேன். ஆக அவரும் ஒரு விதத்தில் அட்ஜஸ்ட் செய்தவர்தான். இதை அந்த மேசையில் நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கட்டடக்கலை மாணவர் பிரெட்ஸெல் ரொட்டி வாங்கிய காகிதப் பையைப் பிரித்து, பின்பக்கம் படம் போட்டார். 20 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டருக்கு 17 கிராம் வரை நீரைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமைத் தாண்டாது. வெளியே 5 டிகிரியில் மழை கொட்டினாலும், அந்தக் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது மழைநாளில் ஜன்னலைத் திறந்தால் அறை காயும். தம்பி அந்தப் பையை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். எங்கள் ஊரில் வெளியே 28 டிகிரியில் மழை பெய்யும், உள்ளேயும் அதே 28, அதனால் அங்கே அம்மா சொல்வதுதான் சரி என்று அவரே கணக்குப் போட்டு முடித்தபோது முதல் தடவையாகச் சிரித்தார்கள்.

யார் செலவு

மறுநாளே பால்கனி அறைப் பெண் போட்டோக்களோடு உரிமையாளருக்குக் குறை அறிவிப்பு எழுதினார். எப்போது முதலில் பார்த்தோம் என்பதை மறைக்காமல் எழுதினார். அது எனக்குப் பிடித்திருந்தது. எதிர்பார்த்த பதில் வந்தது: சரியாகக் காற்றோட்டம் விடவில்லை, நீங்களே சரிசெய்யுங்கள். இந்த வழக்குகளில் நீதிமன்றங்கள் பொதுவாக முதலில் உரிமையாளரைத்தான் கேட்கின்றன: கட்டடத்தில் குறை இல்லை என்று காட்டு. காட்டினால்தான் வாடகைதாரர் ஒழுங்காக ஜன்னல் திறந்தாரா என்ற கேள்வி வரும். இங்கே இரண்டும் உண்மை. சுவரும் குளிர், பழக்கமும் தப்பு. வாடகைதாரர் சங்கத்தில் அந்தப் பெண் உறுப்பினர். அவர்கள் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பிறகு உரிமையாளர் இறங்கி வந்தார். சுவரில் ஒட்டியிருந்த, மரத்தூள் கலந்த சுவர்க்காகிதத்தை உரித்தெடுத்து, பூஞ்சை எளிதில் பிடிக்காத சிலிக்கேட் பெயிண்ட் அடிப்பது அவர் செலவு. அலமாரியைத் தூக்கிப் போடுவதும் அறைக்கு ஈரமானி வாங்குவதும் எங்கள் செலவு.

அலமாரியின் பின்பலகையை உடைக்கும்போது பார்த்தேன். கீழ்மூலையில் புதுக் கறுப்புக்கு அடியில் பழுப்பாக, காய்ந்துபோன ஒரு வட்டம். அது எந்த வருடத்தது என்று பலகை சொல்லாது. நான் இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்த அலமாரியை நகர்த்தியதில்லை. 680-இல் 150 யூரோவைத் தம்பியிடம் நீட்டினேன். "ஐயோ வேண்டாங்ண்ணா, பரவால்லீங்க" என்றார். "இதைத்தானே ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினோம்?" என்றேன். வாங்கிக்கொண்டார்.

ரைஸ் குக்கர் சமையலறைக்குத் திரும்பியது. மிளகாய் தாளிக்கும்போது கதவு சாத்தியிருக்கும், எதிர்ஜன்னல் திறந்திருக்கும். உலர்த்தும் அறைச் சாவிக்கு ஆணிக்கு மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார்கள், கையெழுத்து தம்பியுடையது. புது அலமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. ஹீட்டர் இரண்டரை. காலை, மாலை, படுக்கப் போகும் முன் என்று மூன்று தடவை, ஐந்து நிமிஷம், ஜன்னலை முழுக்கத் திறந்து வைப்பார். ஷ்டோஸ்லுஃப்டென், அதாவது ஒரேயடியாகக் காற்றை மாற்றுவது. ஈரமானி 48, 50 என்று காட்டுவதை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புவார், சர்க்கரை அளவு பார்த்து அனுப்புகிற மாதிரி.

பிப்ரவரியில் ஒருநாள் அங்கே போயிருந்தேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. தம்பி அம்மாவோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே கைப்பிடியைக் கிடையாகத் திருப்பி ஜன்னலை விரியத் திறந்தார். நாலு பனித்துகள் மேசைமேல் விழுந்தன. போனுக்குள்ளிருந்து சத்தம் எனக்கே கேட்டது: "ஏனுங்கண்ணு, கிறுக்குப் புடிச்சிருச்சா? சன்னலைச் சாத்துடா, நெஞ்சுல சளி கட்டிக்கும்!"

"அம்மா, அஞ்சே நிமிஷம்" என்றார் தம்பி. போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமே நின்றார்.